ஏறும்போது மூணாவது சிலிண்டர் ரொம்ப சூடாகுது, கௌலிங் வாயைப் பெருசா வெட்டலாமா?

நீலவானம்:

எல்லாருக்கும் வணக்கம். நானே கட்டின விமானம், ரெண்டு சீட், அலுமினிய பாடி, லைக்கமிங் ஓ-320 இன்ஜின் (150 குதிரைசக்தி, கார்புரேட்டர்), பிட்ச் மாறாத ப்ரொப்பெல்லர். ஓவர்ஹால் பண்ணி மாட்டின இன்ஜின்தான், இதுவரைக்கும் 22 மணிநேரம் ஓடியிருக்கு. பறக்கறதுல ஒரு குறையும் இல்ல, கை விட்டாலும் நேரா போகுது, ஆனா சூடு மட்டும் என்னைத் தூங்க விடல.

வெளிய 33 டிகிரி செல்சியஸ் இருக்கிற நாள்ல 70 நாட் (மணிக்கு 70 கடல் மைல்) வேகத்துல ஏறினா 2500 அடி தாண்டறதுக்குள்ள மூணாவது சிலிண்டர் ஹெட் 445 டிகிரி ஃபாரன்ஹீட் போயிடுது, அதுக்கு மேல விட்டுப் பார்க்க தைரியம் வரல, மூக்கை இறக்கி பவரைக் குறைச்சிட்டேன். அப்போ மத்தது ஒண்ணாவது 395, ரெண்டாவது 425, நாலாவது 410. ஆயில் 230. சமமா பறக்கும்போது 110 நாட்ல மூணாவது 405-க்கு வந்துடும், ஆயில் 205-ல நிக்கும்.

கௌலிங்ல (இன்ஜினை மூடற உறை) முன்னாடி இருக்கிற ரெண்டு காத்து வாயும் சின்னதா இருக்குன்னு தோணுது. சுத்தி அரை இன்ச் வெட்டிப் பெருசாக்கி மறுபடி ஃபைபர் போட்டுடலாம்னு இருக்கேன். வாயைப் பெருசாக்கினா காத்து அதிகமா உள்ள போகும், சூடு குறையும், சரிதானே? யாராவது இப்படிப் பண்ணியிருந்தா எவ்வளவு வெட்டினீங்கன்னு சொல்லுங்க. இந்த வார கடைசியில கத்தியை எடுக்கலாம்னு இருக்கேன்.

தகடும்_ரிவெட்டும்:

கத்தியைக் கீழ வைங்க தம்பி, வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட வைக்க ஒரு மாசம் போயிடும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், காத்து உள்ள போறதுனால மட்டும் இன்ஜின் குளிராது, ஃபின்களுக்கு (சிலிண்டரைச் சுத்தி வரிவரியா நிக்கிற மெல்லிசு தகடுகள்) நடுவுல புகுந்து போனாதான் குளிரும். உங்க கௌலிங்ல சிலிண்டருக்கு மேல ஒரு அறை, கீழ ஒரு அறை. முன்னாடி வாய் வழியா வர்ற காத்து மேல் அறையில வேகம் குறைஞ்சு அழுத்தமா மாறுது, அந்த அழுத்தம்தான் காத்தை ஃபின் சந்துக்குள்ள தள்ளி கீழ் அறைக்கு அனுப்புது, அங்கிருந்து பின்னாடி கீழ இருக்கிற வாய் வழியா வெளிய போகுது. ஃபின் சந்து ரொம்ப குறுகல், காத்துக்கு அதுல போக இஷ்டம் இல்ல. பேஃபிள் (காத்தை சிலிண்டர் பக்கம் திருப்பற தகடு) ஓரத்துல, சீல் மடங்கின இடத்துல, ஸ்க்ரூ போடாம விட்ட ஓட்டையில வழி கிடைச்சா அப்படியே நழுவிப் போயிடும். அந்தக் காத்து ஒரு டிகிரியைக்கூட குறைக்காது, அதோட கீழ் அறையை வேற நிரப்பி அங்க அழுத்தத்தை ஏத்தி விட்டுடும். ஒழுகற பானையில வாயை அகலமாக்கி என்ன பிரயோஜனம் சொல்லுங்க?

அதனால இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. ஷெட் லைட்டை எல்லாம் அணைச்சிட்டு, கௌலிங்கை முழுசா மூடி எல்லா ஃபாஸ்ட்னரும் போட்டுட்டு, கீழ காத்து வெளிய வர்ற வாய்க்குள்ள ஒரு பளிச்னு எரியற லைட்டை வைங்க. முன்னாடி வாய் வழியா சின்னக் கண்ணாடி வச்சோ போனை உள்ள நீட்டி வீடியோ எடுத்தோ மேல் அறையைப் பாருங்க. ஃபின் நடுவுல கோடு கோடா வெளிச்சம் தெரியும், அது தெரிஞ்சுதான் ஆகணும். வேற எங்க வெளிச்சம் தெரிஞ்சாலும் அங்க காத்து ஒழுகுது. முதல் தடவை நான் பார்த்தப்போ நட்சத்திரம் பூத்த மாதிரி இருந்துச்சு, மூணு வருஷம் பார்த்துப் பார்த்து கட்டின பேஃபிள் அது, மனசு விட்டுப் போச்சு.

ரப்பர் சீல் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னும் பாருங்க. இன்ஜின் பக்கமா, அதாவது அழுத்தம் இருக்கிற பக்கமா வளைஞ்சிருந்தாதான் காத்தே அதைக் கௌலிங்கோட ஒட்ட வைக்கும். மேல் கௌலிங்கை மூடும்போது பின் மூலையில சீல் வெளிப்பக்கமா மடிஞ்சிக்கிட்டா தரையில பார்க்க மூடின மாதிரிதான் இருக்கும், பறக்கும்போது அழுத்தம் அதை அப்படியே கதவு மாதிரி திறந்துடும். மேல பறக்கும்போது கௌலிங் மூடியே கொஞ்சம் மேல தூக்கும், அதனால சீல் லேசா தொட்டா போதாது, அழுத்தி உக்காரணும். சீல் ஓரத்துல சாக்பீஸைத் தேச்சிட்டு கௌலிங்கை மூடித் திறந்து பாருங்க, எங்க வெள்ளைக் கோடு படலையோ அங்க தொடவே இல்லன்னு அர்த்தம்.

முன் வாய்க்குப் பின்னாடி இருக்கிற சரிவுத் தகட்டுக்கும் கௌலிங்குக்கும் நடுவுலதான் பெரும்பாலும் பெரிய ஒழுக்கு இருக்கும், அங்க குனிஞ்சு பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கறதில்ல. அப்புறம் சிலிண்டர்களுக்குக் கீழ ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல வர்ற தகடு மாட்டியிருக்கீங்களா? அது ஃபின்னோட இறுக்கமா ஒட்டி நிக்கணும், தொளதொளன்னு தொங்கக் கூடாது. அது இல்லைன்னா காத்து சிலிண்டரோட மேல் பாதியை மட்டும் தொட்டுட்டு நேரா கீழ விழுந்துடும், அடிப்பாதி வெந்துக்கிட்டே கிடக்கும்.

சின்ன ஓட்டையெல்லாம் சூடு தாங்கற சிலிக்கோன் போட்டு அடைங்க. ஒவ்வொண்ணும் அற்பமா தெரியும், எல்லாத்தையும் கூட்டினா உள்ளங்கை அளவு ஓட்டை.

பழைய_ஸ்பானர்:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா நீங்க குடுத்த நாலு நம்பரைப் பாருங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. மூணும் ரெண்டும்தான் அதிகம். இந்த இன்ஜின்ல அது தற்செயல் இல்ல. இந்த சிலிண்டருக்கு ஒரு பக்கம் ஃபின் ஆழமா இருக்கும், இன்னொரு பக்கம் ஹெட்ல ஃபின் இருக்கற மாதிரியே தெரியாது, அவ்வளவு குட்டை. ரெண்டு பக்கமும் ஒரே வார்ப்பு சிலிண்டரைத் திருப்பி மாட்டறதால, இடது முன்னாடி இருக்கிற ரெண்டாவதுக்கு அந்தக் குட்டைப் பக்கம் முன்னாடி வரும், வலது பின்னாடி இருக்கிற மூணாவதுக்கு அது பின்னாடி வரும். மூணாவதுக்குப் பின்னாடி பேஃபிள் தகட்டை ஹெட்டோட ஒட்ட வச்சு போல்ட் போட்டீங்கன்னா அந்தப் பக்கம் காத்து இறங்க வழியே கிடையாது. ஒண்ணுக்கும் நாலுக்கும் இந்தத் தொல்லை இல்ல, அதுங்களோட குட்டைப் பக்கம் பக்கத்து சிலிண்டரைப் பார்த்து நிக்குது, எதிர்ல ஆழமான ஃபின் இருக்கு.

இதுக்கு செலவே இல்லாத வைத்தியம், மூணாவதுக்குப் பின்னாடி தகட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல கனமான வாஷர் ஒண்ணு ரெண்டு போட்டு 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. இன்னும் நல்லா பண்ணணும்னா அந்த இடத்துல தகட்டை வெளிப்பக்கமா குழிச்சு, காத்து பின்னாடி இறங்கி அடிப்பக்கம் போற மாதிரி ஒரு சின்ன வழி பண்ணிடுங்க. ரெண்டாவதுக்கு முன்னாடி காத்தைத் தடுக்கற தகடு எவ்வளவு உயரம் வச்சிருக்கீங்க? ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர் மட்டும் குறைச்சுப் பறந்து பாருங்க, கூடுதலா வெட்டிட்டா அப்புறம் ரெண்டு குளிர்ந்து நாலு சூடாகும்.

பேஃபிள் கழட்டி இருக்கும்போதே ஒரு டார்ச்சை எடுத்து ஹெட் ஃபின் சந்துல பாருங்க. வார்க்கும்போது மிஞ்சின உலோகம் மெல்லிசா தகடு மாதிரி ஃபின் நடுவுல நின்னுக்கிட்டு இருக்கும், முக்கியமா எக்ஸாஸ்ட் பக்கமும் ஸ்பார்க் ப்ளக் பக்கமும். வெளிச்சம் அந்தப் பக்கம் வரலைன்னா காத்தும் வராது. மெல்லிசான வட்ட அரம் வச்சு பொறுமையா எடுங்க, ஃபின்னைக் கீறிடாதீங்க, கீறல்ல இருந்து விரிசல் கிளம்பும். நான் ஒரு இன்ஜினுக்கு ரெண்டு சாயங்காலம் உக்காந்து எடுத்திருக்கேன், கை வலி ஒரு வாரம் இருந்துச்சு, ஆனா வேலைக்கான பலன் மீட்டர்ல தெரிஞ்சுது.

இன்னொண்ணு, மீட்டரை நம்பறதுக்கு முன்னாடி மூணாவது சிலிண்டர்ல சூடு அளக்கற ப்ரோபையும் ஒண்ணாவது ப்ரோபையும் மாத்திப் போட்டு ஒரு தடவை பறங்க. சூடு ப்ரோபோட சேர்ந்து இடம் மாறினா தப்பு ப்ரோப்ல. ஸ்பார்க் ப்ளக் வாஷர் மாதிரி வர்ற ப்ரோபும் ஹெட்ல திருகி மாட்டற ப்ரோபும் ஒரே நம்பர் காட்டாது, ப்ளக் வாஷர்தான் பெரும்பாலும் கூடுதலா காட்டும், நாலும் ஒரே வகையான்னு பாருங்க.

எவ்வளவு சூடு தாங்கும்னு கேட்டா, இந்த இன்ஜினுக்கு சிவப்புக் கோடு 500. ஆனா அந்தக் கோட்டை நம்பி ஓட்டக் கூடாது. நல்ல பவர்ல பறக்கும்போது 435-க்குக் கீழயும், சிக்கனமா பறக்கும்போது 400-க்குக் கீழயும் வச்சா இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும்னு லைக்கமிங்கே சொல்லுது. 400 தாண்டினா அலுமினியம் வேகமா பலம் இழக்கும். உங்க 445 உடனே இன்ஜினை உடைக்காது, ஆனா தினமும் அங்க போய் நின்னா வால்வ் கைடு, ஹெட் எல்லாம் விலை குடுக்கும்.

22 மணிநேரம்தான் ஆகுதுங்கறீங்க. பிஸ்டன் ரிங் இன்னும் முழுசா உக்காரலைன்னா உரசல்லயே கொஞ்சம் சூடு கூடுதலா இருக்கும். ஆயில் குறையற அளவு ஒரே மாதிரி நின்னுடுச்சா? நிக்கலைன்னா இன்னும் பழகிட்டு இருக்குன்னு அர்த்தம். அதுக்காக பயந்து பவரைக் குறைச்சு குறைச்சு ஓட்டாதீங்க, சிலிண்டர் சுவர் வழவழன்னு மெருகேறி ரிங் உக்காரவே உக்காராது, தரையில வெறுமனே நிறுத்தி ரொம்ப நேரம் ஓட்டறதும் அதே கெடுதல்தான். மேக்னெட்டோ டைமிங்கையும் (ஸ்பார்க் ப்ளக்ல பொறி விழற நேரம்) ஒரு தடவை பாருங்க. இன்ஜின் தகட்டுல அடிச்சிருக்கிற டிகிரி என்னவோ அதுதான், இந்த வகையில பெரும்பாலும் 25. ரெண்டு டிகிரி முன்னாடி போயிருந்தாக்கூட ஹெட் சூட்டுல தெரியும். ஃபுல் த்ராட்டில், ஃபுல் ரிச்ல (கலவையில பெட்ரோல் முழுசா) டேக்ஆஃப் பண்ணும்போது எக்ஸாஸ்ட் சூடு எவ்வளவு காட்டுது? என் அனுபவத்துல 1300 தாண்டி நின்னா கார்புரேட்டர் மெயின் ஜெட் போதுமான பெட்ரோல் குடுக்கலைன்னு சந்தேகப்படுவேன். ஜெட்டை நீங்களா துளை போட்டுப் பெருசாக்காதீங்க, கார்புரேட்டர் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

மானோமீட்டர்:

ரெண்டு பேர் சொன்னதையும் பண்ணுங்க, ஆனா பண்றதுக்கு முன்னாடி அளங்க, பண்ணின பிறகும் அளங்க. அளக்காம ஆறு மாத்தம் ஒண்ணா பண்ணிட்டு எது வேலை செஞ்சதுன்னே தெரியாம உக்காந்திருக்கறவங்களை நிறைய பார்த்துட்டேன்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஷெட்ல கிடக்கிற பழைய ஏர்ஸ்பீட் மீட்டர் ஒண்ணு இருந்தா போதும், அது உள்ளுக்குள்ள ரெண்டு அழுத்தத்தோட வித்தியாசத்தைக் காட்டற கருவிதான். பிடாட் ஓட்டையில (எதிர்காத்தோட அழுத்தம் வர்ற ஓட்டை) மேல் அறையில இருந்து ஒரு குழாய், ஸ்டாடிக் ஓட்டையில (சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம் வர்ற ஓட்டை) கீழ் அறையில இருந்து ஒரு குழாய். குழாய் முனையில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகிடுங்க, இல்லைன்னா காத்து நேரா முனையில அடிச்சு முள் ஆடும். எக்ஸாஸ்ட் பக்கத்துல குழாய் போகாம பார்த்துக்கோங்க. ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற சுவர்) குழாய் நுழையற இடத்தை நல்லா அடைச்சிடுங்க, புகை கேபினுக்குள்ள வரக் கூடாது, இதுல மட்டும் அலட்சியம் வேண்டாம்.

இப்போ கணக்கு. கடல் மட்டத்துல 100 நாட் வேகத்துல வர்ற காத்தை முழுசா நிறுத்தினா கிடைக்கிற அழுத்தம் கிட்டத்தட்ட 6.5 இன்ச் தண்ணி (அந்த உயரத்துக்குத் தண்ணியைத் தூக்கற அழுத்தம்). 90 நாட்ல 5.3. நீங்க ஏறுற 70 நாட்ல வெறும் 3.2 தான்! வேகத்தோட வர்க்கத்துல அழுத்தம் ஏறுது, அதனால 70-ல இருந்து 90-க்குப் போனாலே காத்தோட தள்ளு சக்தி 65 சதவீதம் கூடிடும். உங்க பிரச்சினையில கணிசமான பங்கு நீங்க ஏறுற வேகத்துலதான் இருக்கு. ஃபுல் பவர், குறைஞ்ச காத்து, மூக்கு மேல தூக்கி இருக்கறதால காத்து வாய்க்குள்ள கோணலா வேற வருது. முதல் 500 அடிக்கு உயரம்தான் பாதுகாப்பு, அதுல குறுக்கு வழி வேண்டாம், அதுக்கு அப்புறம் மூக்கை இறக்கி 90-ல ஏறுங்க. நிமிஷத்துக்கு 150, 200 அடி குறையும், குறையட்டும்.

மேல்-கீழ் வித்தியாசம் வர்ற காத்தோட மொத்த அழுத்தத்துல மூணுல ரெண்டு பங்கு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன், பாதிக்குக் கீழ இருந்தா தேட ஆரம்பிப்பேன். அடுத்த பறப்புல ஒவ்வொரு அறையையும் தனியா விமானத்தோட ஸ்டாடிக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. கீழ் அறையில அழுத்தம் அதிகமா இருந்தா காத்து வெளிய போக முடியாம தவிக்குது, மேல் அறையில குறைவா இருந்தா வாய் சரியில்லை. ரெண்டும் சேர்ந்து இருந்தா ஒழுக்கு. உங்க முன் வாயைப் பெருசாக்கணுமாங்கிற கேள்விக்கு இந்த ரெண்டு நம்பர்தான் பதில் சொல்லணும், கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

வெளிய போற வாயைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க. காத்து உள்ள வந்ததைவிட வெளிய போகும்போது சூடாகி விரிஞ்சிருக்கு, அதுக்குக் கூடுதல் இடம் வேணும். அந்த இடத்துலதான் நாம எக்ஸாஸ்ட் பைப், மூக்குச் சக்கர கால், ஹீட்டர் குழாய் எல்லாத்தையும் கொண்டு வந்து அடைச்சு வைக்கிறோம். ஃபயர்வால் அடியில 90 டிகிரி கூர் மூலை இருந்தா அங்க காத்து சுழலும், ஒரு தகட்டை உருட்டி வளைவா போட்டுப் பாருங்க. முன் வாயோட உதடும் அப்படித்தான், கூரா இருந்தா மூக்கு தூக்கினப்போ காத்து பிரிஞ்சு போகும், உருண்டையா இருக்கணும். 1928-ல அமெரிக்காவுல நாகா (NACA) விமான ஆராய்ச்சிக் கூடம் ரேடியல் இன்ஜினுக்கு கௌலிங் போட்டு சோதிச்சப்போ ஒரு ஹாக் விமானம் அதே இன்ஜின்ல மணிக்கு 118 மைல்ல இருந்து 137-க்குப் போச்சு, இன்ஜினும் குளிர்ச்சியா இருந்துச்சு. தேவையான காத்தை மட்டும் விட்டு அதைச் சரியான வழியில நடத்தினதாலதான் அது நடந்துச்சு. நீங்க வாயைப் பெருசாக்கினா இழுவையும் கூடும், சூடும் குறையாமப் போகலாம்.

நீலவானம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கத்தியை எடுக்கல. மூணு வார வேலைக்கு அப்புறம் எழுதறேன்.

ராத்திரி லைட் வச்சுப் பார்த்தேன், தகடு அண்ணா சொன்ன மாதிரியேதான். வலது பின் மூலையில ஒரு ஜாண் நீளத்துக்கு சீல் வெளிப்பக்கமா மடிஞ்சிருந்துச்சு, முன் சரிவுத் தகட்டுக்குக் கீழ ரெண்டு பக்கமும் விரல் போற சந்து. சிலிண்டருக்கு அடியில இருக்கிற தகடு இருந்துச்சு ஆனா ஒரு பக்கம் கம்பி தளர்ந்து தொங்கிட்டு இருந்துச்சு. எதையும் தொடாம முதல்ல அளந்தேன். 90 நாட்ல ஏறும்போது பழைய ஏர்ஸ்பீட் மீட்டர் 62 காட்டுச்சு, கணக்குப் போட்டா 2.5 இன்ச், பாதிகூட இல்ல. சீல் எல்லாம் மாத்தி, சந்தை அடைச்சு, அடித் தகட்டை இறுக்கின பிறகு அதே வேகத்துல 74 காட்டுது, 3.5 இன்ச்சுக்கு மேல. வேற ஒண்ணும் பண்ணல, அதுக்கே மூணாவது 22 டிகிரி குறைஞ்சுது.

அடுத்த வாரம் ஸ்பானர் சார் சொன்ன வாஷர். ப்ரோப் மாத்திப் பார்த்தேன், ப்ரோப் மேல தப்பு இல்ல. வாஷர் போட்டு பின் தகட்டைக் கொஞ்சம் குழிச்சதுல இன்னும் 14 டிகிரி. ஃபின் சந்துல மூணாவதுலயும் நாலாவதுலயும் நிறைய உலோகம் நின்னுட்டு இருந்துச்சு, அதை இன்னும் முடிக்கல. டைமிங் 25-லதான் இருக்கு. நேத்து 34 டிகிரி வெயில்ல 90 நாட்ல 5000 அடி வரைக்கும் நிறுத்தாம ஏறினேன், மூணாவது 398-ல நின்னுடுச்சு, ரெண்டாவது 402. இப்போ ரெண்டாவதுதான் முன்னாடி நிக்குது.

ஆனா ஆயில் மட்டும் இறங்கல. ஏறும்போது 225, சமமா பறக்கும்போது 203. ஆயில் கூலர் நாலாவதுக்குப் பின்னாடி பேஃபிள்லதான் மாட்டியிருக்கு. பெரிய கூலர் வாங்கணுமா?

தகடும்_ரிவெட்டும்:

சந்தோஷம் தம்பி. ஹெட் 40 டிகிரிக்கு மேல இறங்கியும் ஆயில் அசையலைன்னா எனக்கு காத்து மேல சந்தேகம் குறையுது. இருந்தாலும் கூலரைச் சுத்தி இருக்கிற விளிம்புல லைட் வச்சுப் பாருங்க, கூலருக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒழுகினா காத்து கூலருக்குள்ள போகாது. பேஃபிள்ல மாட்டின கூலர் நாலாவது சிலிண்டரோட காத்தைப் பங்கு போட்டுக்கும், அதை எடுத்து ஃபயர்வால்ல மாட்டி தனிக் குழாய் போட்டா ரெண்டுக்கும் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், ஆனா அது கடைசி வேலை.

பழைய_ஸ்பானர்:

கூலர் வாங்காதீங்க, இன்னும் இல்ல. முதல்ல வெர்னாதெர்மைக் கழட்டுங்க. ஆயில் குளிரா இருக்கும்போது கூலருக்குப் போகாம குறுக்கு வழியில அனுப்பறதும், சூடானதும் நீண்டு அந்த வழியை மூடி ஆயிலைக் கூலருக்குத் தள்ளறதும் அதோட வேலை. 185 டிகிரி வாக்குல முழுசா நீண்டிருக்கணும். ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, தெர்மாமீட்டரோட அதைக் கம்பியில தொங்கவிட்டு சூடு பண்ணுங்க, அடியில பட விடாதீங்க. 185-க்கு எவ்வளவு நீளுதுன்னு அளந்து கையேட்டுல இருக்கிற அளவோட பாருங்க. அதோட முனையில கூம்பு மாதிரி இருக்கிற இடத்துல முழு வட்டமா ஒரே மாதிரி தேய்மானம் இருக்கான்னும் பாருங்க, அது உக்கார்ற இடத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. வட்டம் பாதியிலேயே விட்டுப் போயிருந்தா சூடான ஆயில்ல ஒரு பங்கு கூலருக்கே போகாம திரும்பி ஓடிட்டு இருக்கு, நீங்க எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் அந்தப் பங்கு அதைப் பார்க்கவே பார்க்காது.

அதே தண்ணியிலயே ஆயில் டெம்பரேச்சர் ப்ரோபையும் போட்டு, கொதிக்கும்போது மீட்டர் 212 காட்டுதான்னு பார்த்துடுங்க. ஒரு 15 டிகிரி அதிகமா காட்டினா உங்க 203 உண்மையில 188. ஆயில் 180-க்கு ரொம்பக் கீழ போறதும் நல்லதில்ல, உள்ள சேர்ற தண்ணி ஆவியாகி வெளிய போகணும். மேல் எல்லை 245.

நீலவானம்:

இன்னிக்கு சாயங்காலமே கழட்டினேன் சார். மீட்டர் ப்ரோப் கொதிக்கிற தண்ணியில 214 காட்டுச்சு, அதுல தப்பு இல்ல. வெர்னாதெர்ம் நீளுது, அளவும் சரியா இருக்கு, ஆனா கூம்புல தேய்மானம் பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு, மறுபக்கம் தொட்ட அடையாளமே இல்ல. உக்கார்ற இடத்துலயும் அதே பக்கம் ஒரு சின்ன மேடு தெரியுது. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அதை ஓவர்ஹால் பண்ணவங்ககிட்ட நாளைக்கு எடுத்துட்டுப் போறேன். அது சரியாகற வரைக்கும் விமானத்தைத் தரையிலதான் வைக்கறேன், அதுக்குள்ள மூணாவது ஃபின் சந்தை அரம் போட்டு முடிச்சிடறேன்.